விடியற்காலை ஃப்ரேம்களில் நகரும் மங்கலான புள்ளி: புது வால்நட்சத்திரமா என்று எப்படி உறுதி செய்வது?

நள்ளிரவு நியூட்டன்

வணக்கம் நண்பர்களே. சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். எட்டு அங்குல நியூட்டோனியன் தொலைநோக்கி, குவியத் தூரம் 800 மி.மீ., கூலிங் உள்ள மோனோ கேமரா, ஒவ்வொன்றும் 60 விநாடி எக்ஸ்போஷர். விடிவதற்கு முன் கிழக்கே கொஞ்சம் தாழ்வாக இருந்த ஒரு கேலக்ஸியைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். ஸ்டாக் செய்து (எல்லா ஃப்ரேமையும் ஒன்றாக அடுக்கி) பார்த்தால் ஓரத்தில் ஒரு சின்னத் தீற்றல். செயற்கைக்கோளாக இருக்கும் என்று ஃப்ரேம்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டுப் பார்த்தேன், செயற்கைக்கோள் போகிற வேகமே இல்லை. ஒரு மங்கலான புள்ளி, எல்லா ஃப்ரேமிலும் இருக்கிறது, ஒரே சீராக வடக்குப் பக்கம் ஊர்ந்துகொண்டே போகிறது. 40 நிமிடத்தில் 22 பிக்சல். என் செட்டப்பில் ஒரு பிக்சல் 0.97 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு ஒரு ஆர்க்செகண்ட்), ஆக நிமிடத்துக்கு அரை ஆர்க்செகண்டுக்குச் சற்று மேலே. பிரகாசம் 17.5 மேக்னிட்யூட் இருக்கும் (எண் கூடக்கூட மங்கல்).

பக்கத்து நட்சத்திரங்களை விட இது கொஞ்சம் உப்பினாற்போல, ஒரு பக்கம் லேசாக இழுத்தாற்போல இருக்கிறது. ஆசையில் என் கண் அப்படிப் பார்க்கிறதா, நிஜமாகவே அப்படியா என்று எனக்கே சந்தேகம்.

இது புதுசா இல்லையா என்று யார், எப்படி முடிவு செய்கிறார்கள்? நான் யாருக்கு எழுத வேண்டும், அதற்கு முன்னால் எதையெல்லாம் பார்த்துவிட்டால் மானம் போகாமல் தப்பிக்கலாம்? நாளைக்கு மேகம் என்று வேறு போட்டிருக்கிறது.

கோமாதேடி

முதல் வேலை, ரா ஃப்ரேம்கள், கேமராக் குறைகளை நீக்க எடுத்த டார்க், ஃபிளாட் படங்கள் எல்லாவற்றையும் இன்னொரு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள். ஸ்டாக் செய்த படத்தை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது.

அப்புறம் அது வானத்தில்தான் இருக்கிறதா, உங்கள் குழாய்க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ஃப்ரேமுக்குள்ளோ ஃப்ரேமுக்குச் சற்று வெளியிலோ பிரகாசமான நட்சத்திரம் ஏதாவது இருந்தால் அதன் ஒளி கரெக்டரிலும் ஃபில்டரிலும் பட்டுத் திரும்பி மங்கலான உருண்டையாக விழும். பார்க்க அச்சு அசல் வால்நட்சத்திரம் மாதிரியே இருக்கும். தொலைநோக்கி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே போனால் அதுவும் நகரும்! டிதர் போட்டுத்தானே, அதாவது ஃப்ரேம்களுக்கு நடுவே தொலைநோக்கியை வேண்டுமென்றே கொஞ்சம் நகர்த்தித்தானே எடுத்தீர்கள்? அப்படியானால் சுலபம். டிதருக்கு முன்னும் பின்னும் உள்ள ஃப்ரேம்களை நட்சத்திரங்களை வைத்து அலைன் செய்து பாருங்கள். நட்சத்திரங்களை ஒட்டி அதே சீரான வேகத்தில் போனால் வானத்துப் பொருள், டிதரோடு சேர்ந்து குதித்தால் பிரதிபலிப்பு அல்லது ஹாட் பிக்சல்.

நீங்கள் சொன்னதில் என்னை உறுத்துவது "ஓரத்தில்" என்ற வார்த்தைதான். நியூட்டோனியனில் ஓரத்து நட்சத்திரங்கள் தாமாகவே வால் முளைத்துக்கொண்டு நிற்கும், கோமா என்கிற இந்தக் கண்ணாடிக் குறையைச் சரிசெய்யும் கோமா கரெக்டர் போட்டாலும் அதன் இடைவெளி சரியாக இல்லாவிட்டால் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதனால் ஃப்ரேமின் நடுவில் உள்ள நட்சத்திரத்தோடு ஒப்பிடாதீர்கள், அதே மூலையில், ஏறக்குறைய அதே பிரகாசத்தில் உள்ள நட்சத்திரங்களோடு ஒப்பிடுங்கள். எல்லாவற்றின் வாலும் ஒரே பக்கம் என்றால் அது கண்ணாடியின் வால்.

இதெல்லாம் தாண்டினால் சிறுகோள், வால்நட்சத்திர அளவுகளைச் சேகரிக்கும் மைனர் பிளானட் சென்டரின் எம்பி செக்கரில் (தெரிந்த பொருள் ஏதாவது அங்கே இருக்கிறதா என்று சொல்லும் இணையப் பக்கம்) நேரத்தையும் இடத்தையும் கொடுத்துப் பாருங்கள். அதில் ஒரு சூட்சுமம்: மேக்னிட்யூட் வரம்பு 20 என்று இருக்கும், அதை 24 வரை தள்ளிவிடுங்கள். 22 மேக்னிட்யூடில் இருக்க வேண்டிய பழைய வால்நட்சத்திரம் திடீரென்று வெடித்துப் பிரகாசமாகி இருக்கலாம். 2007 அக்டோபரில் ஹோம்ஸ் வால்நட்சத்திரம் 17 மேக்னிட்யூடிலிருந்து இரண்டு நாளுக்குள் வெறும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வந்து நின்றது. அப்படி ஒன்றைப் பிடித்திருந்தாலும் அது சாதாரண விஷயம் இல்லை.

சந்தேகசாமி

மனசைக் கஷ்டப்படுத்த எழுதவில்லை, ஆனால் யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும். பான்ஸ்டார்ஸ், கேட்டலினா, அட்லஸ், இசட்டிஎஃப் என்று தானியங்கி சர்வேக்களின் ஒரு பட்டாளமே தினமும் வானத்தைச் சலித்துக்கொண்டிருக்கிறது. சிலியில் 8.4 மீட்டர் ரூபின் தொலைநோக்கியும் 2025-இல் முதல் படங்களை வெளியிட்டுவிட்டது. 17.5 மேக்னிட்யூட் என்பது இவற்றுக்கெல்லாம் பட்டப்பகல் மாதிரி. எட்டு அங்குலத்துக்கு மட்டும் அகப்பட்டு அவற்றுக்கு அகப்படாமல் இருக்கிறது என்றால் நான் முதலில் என் ஃப்ரேமைத்தான் சந்தேகப்படுவேன். பொய் எச்சரிக்கை அனுப்பினால் அதைச் சரிபார்க்க எங்கோ ஒருவர் தன் தொலைநோக்கி நேரத்தை வீணாக்குகிறார். பதறாத காரியம் சிதறாது. இரண்டாவது இரவு எடுத்துப் பார்த்துவிட்டு ஆற அமர அனுப்புங்கள்.

பாதைக்கணக்கு

சந்தேகசாமி சொல்வதில் பாதி சரி. மற்ற பாதியைப் பற்றி எனக்கு நிறையவே சொல்ல இருக்கிறது.

சர்வேக்கள் எல்லா இடத்தையும் பார்ப்பதில்லை. சூரியனுக்குப் பக்கத்தில், விடியலிலும் அந்தியிலும் தாழ்வாக இருக்கிற வானத்தை அவை பெரும்பாலும் தொடுவதில்லை, தொட்டாலும் நீண்ட இடைவெளி விட்டுத்தான் திரும்ப வருகின்றன. தனி ஆட்கள் கண்டுபிடிப்பது இன்னமும் நடக்கிறது என்றால் இந்தச் சந்தில்தான். 2023 ஆகஸ்ட் 12 அன்று ஜப்பானில் ஹிடியோ நிஷிமுரா தொலைநோக்கிகூட இல்லாமல், சாதாரண கேனன் கேமராவும் 200 மி.மீ. லென்ஸும் வைத்து 30 விநாடி படங்களில் சி/2023 பி1-ஐப் பிடித்தார். 2019 ஆகஸ்ட் 30 அன்று கிரிமியாவில் கென்னடி போரிசோவ், தானே செய்த 65 செ.மீ. தொலைநோக்கியில், இதே மாதிரி விடியற்காலைத் தாழ்வானத்தில்தான் அந்தப் புள்ளியைப் பார்த்தார். ஜிபி00234 என்று தன் கைப்பட ஒரு தற்காலிகப் பெயர் வைத்து அனுப்பினார். மற்றவர்கள் தொடர்ந்து அளந்தபிறகுதான் அதன் மையப்பிறழ்ச்சி (பாதை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதன் அளவு, 1-க்கு மேல் என்றால் சூரியனிடம் திரும்பி வராது) 3-க்கு மேல் என்று தெரிந்தது, சூரிய மண்டலத்துக்கு வெளியிலிருந்து வந்த முதல் வால்நட்சத்திரம், 2ஐ/போரிசோவ்.

இப்போது "ஆற அமர" பற்றி. சி/2023 ஏ3, 2024 அக்டோபரில் வெறும் கண்ணால் எல்லோரும் பார்த்தோமே, அதன் கதை தெரியுமா? சீனாவின் பர்ப்பிள் மவுண்டன் வானாய்வகம் அதை 2023 ஜனவரி 9 அன்றே பிடித்துவிட்டது. உறுதிப்படுத்த வேண்டியவற்றின் பட்டியலிலும் அது ஏறியது. ஆனால் வேறு யாரும் அளந்து அனுப்பவில்லை. ஜனவரி முடிவதற்குள், தொலைந்தது என்று பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பிப்ரவரி 22 அன்று தென்னாப்பிரிக்காவில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி தனியாக ஒன்றைக் கண்டுபிடித்தது, பாதையைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அதற்குப்பிறகு 2022 டிசம்பர் 22-இல் எடுத்த இசட்டிஎஃப் படங்களிலும் அது கிடந்தது தெரியவந்தது. பெயரில் ஷுச்சின்ஷான், அட்லஸ் என்று இரண்டு இருப்பதும், குறியீட்டில் ஜனவரி முதல் பாதிக்கான "ஏ" இருப்பதும் அதனால்தான். அவ்வளவு பெரிய ஆய்வகத்துக்கே கண்டுபிடித்தது மட்டும் போதவில்லை, இன்னொருவர் அளக்க வேண்டியிருந்தது. அதனால் என் கட்சி இதுதான்: முதல் இரவுச் சோதனைகளைக் கறாராக முடியுங்கள், முடிந்த அதே மணி நேரத்தில் அனுப்பிவிடுங்கள். இரண்டாவது இரவு உங்களுக்குக் கிடைக்காவிட்டாலும் வேறு எங்கோ ஒருவருக்குக் கிடைக்கும்.

அனுப்புவது எப்படி என்றால், 40 ஃப்ரேம்களையும் பத்துப் பத்தாக நான்கு கட்டாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டையும் பொருளின் வேகத்துக்கும் திசைக்கும் ஏற்ப ஸ்டாக் செய்யுங்கள், அஸ்ட்ரோமெட்ரிகா, டைக்கோ டிராக்கர் என்ற மென்பொருள்கள் இரண்டுமே இதைச் செய்யும். கையா நட்சத்திரக் கேட்டலாக்கை வைத்து நான்கு இடங்களை அளந்துகொள்ளுங்கள். நேரம் எக்ஸ்போஷரின் நடுப்புள்ளி நேரமாக, யூடிசி-யில் (உலகப் பொது நேரம்) இருக்க வேண்டும். இவ்வளவு மெதுவாகப் போகிற பொருளுக்குக் கடிகாரம் ஒரு விநாடி தவறினால் ஒன்றும் ஆகிவிடாது, உள்ளூர் நேரத்தை யூடிசி என்று போட்டுவிட்டால்தான் எல்லாம் நாசம். நான்கு புள்ளிகளுக்கும் நேர்கோடு போட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் ஒரு ஆர்க்செகண்டுக்கு மேல் விலகி நின்றால், அங்கே பின்னணியில் மங்கலான நட்சத்திரம் கலந்திருக்கும், அதை விட்டுவிடுங்கள்.

உங்களுக்கு மைனர் பிளானட் சென்டர் கொடுக்கும் வானாய்வகக் குறியீடு இருக்கிறதா? இல்லையென்றால் அந்த இடத்தில் மூன்று எக்ஸ் போட்டு, அட்சரேகை, தீர்க்கரேகை, உயரத்தோடு அனுப்ப வேண்டும். ஏற்கெனவே எண் கொடுக்கப்பட்ட சிறுகோள்கள் சிலவற்றை வேறு வேறு இரவுகளில் அளந்ததையும் சேர்த்தால்தான் உங்கள் அளவை நம்புவார்கள்.

நள்ளிரவு நியூட்டன்

எல்லாருக்கும் நன்றி. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

டிதர் இருந்தது. நட்சத்திரங்களை வைத்து அலைன் செய்தால் புள்ளி குதிக்கவே இல்லை, நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிறது. ஃப்ரேமிலோ அக்கம்பக்கத்திலோ 8 மேக்னிட்யூடுக்கு மேல் பிரகாசமான நட்சத்திரம் இல்லை. பழைய வானப் பதிவுப் படங்களில் அந்த இடம் காலி, கேலக்ஸியும் இல்லை. அதே மூலையில் உள்ள நட்சத்திரங்களின் பாதி உயர அகலம் (பிரகாசம் உச்சத்தில் பாதியாகும் இடத்தில் புள்ளியின் அகலம்) 3.2 ஆர்க்செகண்ட் வருகிறது, புள்ளிக்கு 5.5. ஒரு ஃப்ரேமுக்குள் அது அரை ஆர்க்செகண்ட்தான் நகரும், அதனால் நகர்வில் உப்பியது என்றும் சொல்ல முடியாது. மூலை நட்சத்திரங்களின் மிச்சக் கோமா ஃப்ரேமின் வெளிப்பக்கம் பார்க்கிறது, இதன் இழுப்பு வேறு பக்கம், மேற்கே.

செக்கரில் வரம்பை 24-க்குத் தள்ளியும் கால் டிகிரிக்குள் எதுவும் இல்லை. குறியீடு இல்லை, ஆனால் பழக்கத்துக்காக அளந்து வைத்த சிறுகோள் அளவுகள் நிறைய இருக்கின்றன, அவற்றைச் சேர்த்து அனுப்புகிறேன். ஆயத்தொலைவுகளை இங்கே பொதுவில் போடலாமா? போட்டால் வேறு யாராவது தன் கண்டுபிடிப்பு என்று அனுப்பிவிடுவார்களோ என்று கொஞ்சம் உதறலாகத்தான் இருக்கிறது.

கோமாதேடி

மேற்கே இழுப்பா! விடியற்காலையில் கிழக்கே இருக்கிற பொருளுக்குச் சூரியன் கீழே, கிழக்குப் பக்கம். வால் சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தான் நீளும். ஆக மேற்கு என்பது இருக்க வேண்டிய திசைதான். இதைக் கட்டாயம் குறிப்பில் எழுதுங்கள், கோமாவின் (கருவைச் சுற்றியுள்ள புகை மாதிரியான உறை, கண்ணாடிக் கோமா இல்லை) விட்டம், இழுப்பின் நீளம், எந்தக் கோணம் என்று. வேகத்திலும் ஒரு துப்பு இருக்கிறது. வானத்தில் சூரியனிலிருந்து அந்தக் கோணத் தூரத்தில் தெரிகிற, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள சாதாரணப் பட்டைச் சிறுகோள் என்றால் ஏறக்குறைய கிழக்கே போய்க்கொண்டிருக்க வேண்டும், நேர் வடக்கே போவது அவ்வளவு வழக்கம் இல்லை.

பொதுவில் போடுவது பற்றி: முதலில் அனுப்புங்கள், அனுப்பியதற்கான பதில் வந்ததும் இங்கே போடுங்கள். உங்கள் நேரம் அவர்களிடம் பதிவாகிவிட்டால் யாரும் திருட முடியாது. தனித்தனியாகக் கண்டுபிடிப்பது சகஜம்தான், 1995 ஜூலை 23 இரவு ஆலன் ஹேலும் தாமஸ் பாப்பும் ஒருவரை ஒருவர் அறியாமல் எம்70 நட்சத்திரக் கொத்துக்குப் பக்கத்தில் ஒரே புகையைப் பார்த்தார்கள், ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார், இன்னொருவர் தந்தி கொடுத்தார், இரண்டு பெயரும் ஒட்டிக்கொண்டன. பாப் பார்த்தது நண்பரின் தொலைநோக்கியில்.

மலைமேல் ரிமோட்

அனுப்பிவிட்டதாக நள்ளிரவு நியூட்டன் தனிச்செய்தியில் சொன்னார், இடத்தையும் கொடுத்தார். எனக்கு வாடகைத் தொலைநோக்கி ஒன்றில் மறுநாள் விடியலுக்கு நேரம் இருந்தது. அவருடைய வேகத்தை முன்னே ஓட்டி அந்த இடத்தில் திருப்பினேன், கணித்த இடத்திலிருந்து ஒரு ஆர்க்நிமிடம்கூடத் தள்ளி இல்லை. 50 செ.மீ. கண்ணாடி, 120 விநாடிப் படங்கள். சந்தேகமே இல்லை நண்பர்களே, நடுவில் சின்னதாகக் கெட்டிப்பட்ட கரு, அதைச் சுற்றி ஏறக்குறைய 9 ஆர்க்செகண்ட் கோமா, மேற்கு-வடமேற்கில் குட்டையான விசிறி வால். என் அளவுகளையும் என் குறியீட்டில் தனியாக அனுப்பிவிட்டேன்.

சந்தேகசாமிக்கு: நட்சத்திர ஸ்டாக்கையும் வால்நட்சத்திர ஸ்டாக்கையும் ஒரே எண்ணிக்கை ஃப்ரேம்களில் தனித்தனியாகப் போட்டுத்தான் அகலத்தை ஒப்பிட்டேன், கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

சந்தேகசாமி

சரி, அந்த ஒப்பீட்டைத்தான் கேட்க வந்தேன். வால்நட்சத்திரம்தான், ஒப்புக்கொள்கிறேன். புதுசா என்பது இன்னும் பாக்கி. வால்நட்சத்திர உறுதிப்படுத்தல் பக்கம், அதாவது பிசிசிபி, அதில் இருப்பவற்றுக்கு இன்னும் அதிகாரபூர்வப் பாதை கிடையாது, அவை செக்கரில் வராது. அதைப் பார்த்தாரா?

நள்ளிரவு நியூட்டன்

பார்த்தேன், அங்கேதான் விஷயமே இருக்கிறது. நான் அனுப்புவதற்குச் சில மணி நேரம் முன்பு ஒரு தானியங்கி சர்வே இதே பொருளை அனுப்பியிருக்கிறது, அதுவும் சிறுகோள் மாதிரி என்று, பஞ்சுத்தன்மை எதுவும் குறிப்பிடாமல். நான் தேடியபோது வெறும் சிறுகோள்களின் கூட்டத்தில் இருந்தது, எங்கள் இரண்டு அறிக்கையும் போனபிறகு பிசிசிபி-க்கு மாறியிருக்கிறது. இன்று காலை மைனர் பிளானட் சென்டரின் மின்னணுச் சுற்றறிக்கை வந்துவிட்டது. குறியீட்டில் "சி/", அடைப்புக்குறிக்குள் சர்வேயின் பெயர். என் அளவுகளும் ரிமோட் நண்பரின் அளவுகளும் பட்டியலில் இருக்கின்றன, எனக்கு வானாய்வகக் குறியீடும் கொடுத்துவிட்டார்கள்.

வால்நட்சத்திரம் என்று சொன்னது நாம்தானே, அப்படியிருந்தும் பெயர் அவர்களுக்கா? சண்டைக்குப் போகவில்லை, விதி என்னவென்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். வயிற்றெரிச்சல் கொஞ்சம் இருக்கிறது, மறைக்கவில்லை.

பாதைக்கணக்கு

வயிற்றெரிச்சல் நியாயமானது, ஆனால் விதி அப்படித்தான். பொருளை முதலில் கண்டு அறிவித்தவர் பெயர்தான் வரும், கோமாவைப் பார்த்து உறுதி செய்தவர் பெயர் வராது. இசட்டிஎஃப் 2022 மார்ச் 2 அன்று பிடித்த சி/2022 இ3-யும் முதலில் சிறுகோள் என்றுதான் போனது, மற்றவர்கள்தான் கோமா இருப்பதைச் சொன்னார்கள், பெயர் இசட்டிஎஃப்தான். அந்தக் காலத்தில் மூன்று பெயர்வரை ஒட்டுவார்கள். 1949-இல் ஹார்வர்டில் இந்திய வானியலாளர் வைணு பாப்பு படத்தட்டில் பார்த்த வால்நட்சத்திரம் பாப்பு-பாக்-நியூகிர்க் என்று மூவர் பெயரில் இருக்கிறது. இப்போது இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஆனால் எனக்கு உங்கள் அளவுகளில்தான் அக்கறை. சுற்றறிக்கையில் உள்ள பாதையைப் பார்த்தீர்களா? மையப்பிறழ்ச்சி சரியாக 1.0 என்று போட்டிருக்கிறது. அளந்து வந்த விடை அது இல்லை, சில நாள் அளவுகள் தரும் சின்னப் பாதைத் துண்டை, அதாவது குட்டையான ஒரு வில் மட்டும் வைத்து, அதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாததால் பரவளையம் என்று வைத்துக்கொண்டு மற்றதைக் கணக்கிட்டிருக்கிறார்கள். பாதையைக் கணக்கிடும் ஃபைண்ட் ஆர்ப் மென்பொருள் வைத்திருந்தால் உங்கள் அளவுகளை நீக்கிவிட்டு ஒரு தடவை, சேர்த்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், சூரியனை நெருங்கும் தேதி எவ்வளவு தள்ளாடுகிறது என்று தெரியும். நான் ஓட்டினேன், நீக்கினால் வாரக்கணக்கில் ஆடுகிறது. அதுவும் இது சூரியன் பக்கம் இறங்கிக்கொண்டிருக்கிறது, சீக்கிரமே விடியல் வெளிச்சத்தில் முழுகிவிடும். அதற்குள் வில் எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவு நல்லது, மறுபக்கம் வெளியே வரும்போது எங்கே தேடுவது என்பது அதில்தான் இருக்கிறது. பெரிய சர்வேக்கள் அவ்வளவு தாழ்வாக வராது, உங்கள் எட்டு அங்குலம் வரும்.

தாழ்வாக எடுக்கும்போது எக்ஸ்போஷரை 30 விநாடிக்குக் குறைத்து ஃப்ரேம்களைக் கூட்டிக்கொள்ளுங்கள், வானம் வெளுக்க வெளுக்கக் கடைசி ஃப்ரேம்களைத் தயங்காமல் தள்ளிவிடுங்கள். சிவப்பு ஃபில்டர் இருந்தால் போட்டுப் பாருங்கள், விடியல் வெளிச்சம் கொஞ்சம் அடங்கும். இன்னொன்று, இனி பழைய தற்காலிகப் பெயரைப் போட்டு அனுப்பாதீர்கள், சுற்றறிக்கையில் வந்த குறியீட்டையே போடுங்கள், இல்லாவிட்டால் புதுப் பொருள் என்று தனியாகப் போய்க் கிடக்கும்.

நள்ளிரவு நியூட்டன்

சிவப்பு ஃபில்டர் இருக்கிறது. நாளை மறுநாள் வானம் தெளிவு என்று போட்டிருக்கிறது. கிழக்கே ஒரு மரக்கிளை மறைக்கிறது, ட்ரைபாடை இடம் மாற்றிப் போட வேண்டும்.